காகம் போட்ட கல்லும் நூலகத்துக் கணக்கும்

தாகத்தில் தவித்த காகத்தின் கதையைக் கேட்காத குழந்தை நம் ஊரில் இருக்காது. பானை அடியில் கொஞ்சம் தண்ணீர். அலகு எட்டவில்லை. காகம் கல்லைப் பொறுக்கிப் பொறுக்கிப் போட்டது, தண்ணீர் மேலே வந்தது, குடித்துவிட்டுப் பறந்தது. கதை முடிந்ததும் பெரியவர்கள் நாம் ஒரு நீதியைச் சொல்லிப் புத்தகத்தை மூடிவிடுவோம்.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் கதை சொல்லப் போகிறவன் நான். ஒருமுறை மூடாமல் விட்டேன். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றில் கால் பாகம் தண்ணீர் ஊற்றி, பக்கத்தில் ஒரு கிண்ணம் கூழாங்கல்லை வைத்தேன். நான்கு வயதிலிருந்து ஏழு வயது வரை பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். ஆளுக்கொரு கல்லாகப் போட்டார்கள். தண்ணீர் ஏற ஏறக் கூச்சல். பாதியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் தண்ணீர் நின்றுவிட்டது. கல் மட்டும் கழுத்துவரை ஏறியது. மேலே இருந்ததெல்லாம் காய்ந்த கல். "மாமா, காக்கா பொய் சொல்லிச்சா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

காகம் பொய் சொல்லவில்லை. கதையில் ஓர் அளவு விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான். ஏறக்குறைய ஒரே அளவுள்ள கூழாங்கற்களைக் கொட்டி ஒரு பாத்திரத்தை நிரப்பினால், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள சந்து மட்டும் மொத்த இடத்தில் 40 சதவீதம் வரும். தண்ணீர் முதலில் அந்தச் சந்துகளை நிரப்பும். கால் பாகம் தண்ணீர் இருந்தால், ஐந்தில் மூன்று பங்குக்குச் சற்று மேல் உயரம் வந்ததும் சந்துகளுக்கே தீர்ந்துபோகும். அதற்கு மேல் எத்தனை கல் போட்டாலும் பயனில்லை. பாதிப் பாட்டில் தண்ணீரோடு ஆரம்பித்தால் விளிம்புவரை வந்து வழியும். ஆக, பானையில் ஐந்தில் இரண்டு பங்குக்குக் குறையாமல் தண்ணீர் இருந்திருந்தால்தான் காகத்தின் உத்தி முழுசாகப் பலித்திருக்கும். இந்த விகிதத்தை நான்கு வயதுக் குழந்தையிடம் சொல்ல வேண்டியதில்லை. "தண்ணி கல்லுக்கு நடுவுல ஒளிஞ்சுக்கிச்சு" என்று அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். அதுவே போதும்.

இந்தக் கதையை விஞ்ஞானிகளும் விட்டுவைக்கவில்லை. 2009-இல் கேம்பிரிட்ஜில் கிறிஸ்டோபர் பேர்டும் நேதன் எமரியும் காக்கை இனத்தைச் சேர்ந்த ரூக் பறவைகளுக்கு முன்னால் தண்ணீர்க் குழாயில் ஒரு புழுவை மிதக்கவிட்டு, பக்கத்தில் கற்களை வைத்தார்கள். பறவைகள் கல் போட்டுப் புழுவை மேலே கொண்டுவந்து தின்றன. 2012-இல் லூசி செக்கும் அவருடைய குழுவினரும் இதே மாதிரிச் சோதனையைக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். எட்டு வயதைத் தாண்டியவர்கள் முதல் முயற்சியிலேயே செய்துவிட்டார்கள். ஐந்திலிருந்து ஏழு வயது வரையிலான பிள்ளைகளுக்குப் பறவைகளைப் போலவே சில முயற்சிகள் தேவைப்பட்டன. என் கூட்டத்துப் பிள்ளைகள் காகத்துக்குச் சமமான புத்திசாலிகள் என்று அவர்களுடைய பெற்றோரிடம் சொன்னபோது ஒருவரும் ரசிக்கவில்லை.

நூலகத்தில் சின்னக் குழந்தைகளுக்குக் கணக்கும் அறிவியலும் என்று பேச்செடுத்தாலே பலருக்கு இரண்டு படங்கள்தான் மனதில் வரும். ஒன்று, கரும்பலகையும் வாய்ப்பாடும். மற்றொன்று, பெட்டியோடு வந்திறங்கும் ரோபோ பொம்மைகள். இரண்டுமே வேண்டாம் என்பது என் கட்சி. நூலகத்தில் ஏற்கெனவே நடக்கும் கதைக்குள், பாட்டுக்குள், விளையாட்டுக்குள் கணக்கு இருக்கிறது. அந்த இடத்தில் கொஞ்சம் நின்று, குழந்தையோடு பேச வேண்டும். அந்தப் பேச்சு ஏன் முக்கியம் என்பதற்கு நல்ல ஆதாரங்கள் இருக்கின்றன. பேசாவிட்டால் என்ன ஆகிறது என்பதற்கும் இருக்கின்றன.

இந்தியாவில் நூலகவியலின் தந்தை என்று கொண்டாடப்படும் சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதனே அடிப்படையில் ஒரு கணக்கு வாத்தியார். மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். வந்த சில நாளிலேயே சலித்துப்போய்த் திரும்ப வகுப்பறைக்கே போகிறேன் என்று நின்றவரை, லண்டன் போய்ப் படித்துவிட்டு வந்து முடிவு செய் என்று அனுப்பிவைத்தார்கள். அங்கே செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ என்ற பொம்மையை ஓட்டைப் பட்டைகளும் திருகாணிகளுமாகப் பூட்டிக் காட்டிக்கொண்டிருந்ததை வேடிக்கை பார்த்தார். அதே சில துண்டுகள், மாற்றி மாற்றிப் பூட்டினால் வேறு வேறு வண்டி. நூல்களின் பொருளையும் இப்படித் துண்டுகளாகப் பிரித்துப் பூட்டலாமே என்று தோன்றியது. நூல்களைப் பொருள்வாரியாக வகைப்படுத்த அவர் உருவாக்கி, 1933-இல் வெளியான கோலன் பகுப்பு முறையின் வித்து அதுதான். 1967-இல் கணிதமேதை ராமானுஜன் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். கணக்கும் பொம்மையும் நூலகமும் ஒரே ஆளிடம் ஒன்றாக இருந்தன. பிறகு எப்படிப் பிரிந்தன?

அதற்கு முக்கியக் காரணம் எழுத்தின் மேல் நமக்கு இருந்த பக்தி என்று நினைக்கிறேன். நூலகம் என்றால் வாசிப்பு. குழந்தைக்கான நூலக நிகழ்ச்சி என்றால் வாசிக்கத் தயார்படுத்துவது. இது நம் ஊருக்கு மட்டும் உள்ள பழக்கம் கிடையாது. நூலகத்தில் கதை நேரம் நடத்துவதில் நூறாண்டுக்கும் மேல் அனுபவம் உள்ள அமெரிக்காவில், அந்நாட்டு நூலகச் சங்கத்தின் இரு பிரிவுகள் சேர்ந்து 2004-இல் பள்ளிக்கு முந்தைய வயதினருக்காக ஒரு பெரிய திட்டம் கொண்டுவந்தன. முழுக்க முழுக்க எழுத்தறிவுக்குத் தயாராகும் திட்டம். 2011-இல் அதைத் திருத்தியபோது பெற்றோருக்குச் சொன்ன ஐந்து காரியங்கள்: பேசுங்கள், பாடுங்கள், வாசியுங்கள், எழுதுங்கள், விளையாடுங்கள். எண்ணுங்கள் என்பது அதில் இல்லை.

இடையில் 2007-இல் ஓர் ஆய்வு வந்தது. கிரெக் டங்கனும் பலரும் சேர்ந்து, அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய நாடுகளில் குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து சேகரித்த ஆறு தகவல் தொகுப்புகளை எடுத்து அலசினார்கள். பள்ளியில் சேரும்போது குழந்தைக்குத் தெரிந்திருப்பவற்றில் எது பிற்காலப் படிப்பைச் சரியாக முன்கூட்டிக் காட்டுகிறது? எண்ணறிவு முதலில் வந்தது. வாசிப்பு அதற்குப் பிறகு. நன்றாக உட்காருவது, முரண்டு பிடிக்காமல் இருப்பது போன்றவை பெரிதாக ஒன்றையும் காட்டவில்லை. (முரட்டுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு இது நல்ல செய்தி.) இதைப் படித்துவிட்டு, குழந்தைக்கு எண் சொல்லிக் கொடுத்தால் பத்தாம் வகுப்பில் மார்க் வரும் என்று விளம்பரம் செய்கிறவர்கள் உண்டு. அந்த ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன, அவ்வளவுதான். ஒன்றினால் மற்றது வருகிறதா என்பது வேறு கேள்வி. ஆனாலும் எழுத்துக்கு இருக்கும் இடம் எண்ணுக்கும் வேண்டும் என்று நூலகர்கள் யோசிக்க அது ஒரு காரணமாக இருந்தது.

சரி, நான்கு வயதில் கணக்கு என்றால் என்ன? நூறுவரை ஒப்பிப்பதா?

ஆறு புளியங்கொட்டையை வரிசையாக வைத்து எண்ணச் சொன்னால், மூன்றரை வயதுக் குழந்தை விரலால் தொட்டுத் தொட்டு ஒண்ணு, ரெண்டு என்று ஆறுவரை சரியாகச் சொல்லும். "எத்தனை இருக்கு?" என்று கேட்டால், மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பிக்கும். திரும்பக் கேட்டால் திரும்ப எண்ணும். அந்தக் குழந்தைக்கு எண்ணுவது ஒரு பாட்டு. கடைசியாகச் சொன்ன சொல் மொத்தக் கொட்டைகளுக்கும் சேர்த்து உள்ள விடை என்பது இன்னும் பிடிபடவில்லை. ரோச்செல் கெல்மனும் ராண்டி காலிஸ்டலும் 1978-இல் எண்ணுவதற்குப் பின்னால் இருக்கும் ஐந்து விதிகளைப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு பொருளுக்கு ஒரு சொல், சொற்களுக்கு மாறாத வரிசை, கடைசிச் சொல்லே மொத்தம், எந்தப் பொருளையும் எண்ணலாம், எங்கிருந்து ஆரம்பித்தாலும் விடை ஒன்றே. நமக்கு இவையெல்லாம் விதிகளாகவே தோன்றாது. மூன்று வயதுக்கு ஒவ்வொன்றும் ஒரு மலை.

1990 வாக்கில் கேரன் வின் இதைச் சோதிக்க எளிய வழி ஒன்றைப் பிரபலமாக்கினார். "எனக்கு ரெண்டு கொடு" என்று கேட்க வேண்டும். சில குழந்தைகள் ஒன்று கேட்டால் ஒன்று தருவார்கள், அதற்கு மேல் எதைக் கேட்டாலும் கைநிறைய அள்ளித் தருவார்கள். சில மாதம் கழித்து ரெண்டு சரியாக வரும், மூன்று வராது. இன்னும் சில மாதத்தில் மூன்று வரும். அதற்கப்புறம் ஒருநாள் திடீரென்று எல்லாமே விளங்கிவிடும். இருபதுவரை ஒப்பிக்கத் தெரிந்த குழந்தையும் இந்தப் படிகளில் ஏறித்தான் வர வேண்டும். ஒப்பிப்பதைப் பார்த்துப் பெருமைப்படும் வீடுகளில் இந்த விஷயம் கண்ணிலேயே படுவதில்லை.

அந்தப் படிகளில் ஏற எது உதவுகிறது? சூசன் லெவினும் குழுவினரும் 44 வீடுகளுக்குப் போய், குழந்தைக்கு 14 மாதத்திலிருந்து 30 மாதம் ஆகும்வரை ஐந்து முறை, முறைக்கு ஒன்றரை மணி நேரம், வீட்டில் நடப்பதை வீடியோ எடுத்தார்கள். மொத்தம் ஏழரை மணி நேரத்தில் பெற்றோர் வாயிலிருந்து எத்தனை எண் சொற்கள் வந்தன என்று எண்ணினார்கள். ஒரு வீட்டில் 4. இன்னொரு வீட்டில் 257. அதிகம் கேட்ட குழந்தைகளுக்கு நான்கு வயதை நெருங்கும்போது "கடைசிச் சொல்லே மொத்தம்" நன்றாகப் புரிந்திருந்தது. 2010-இல் வந்த ஆய்வு இது. அடுத்த ஆண்டு எலிசபெத் கண்டர்சனோடு சேர்ந்து இன்னொன்றும் கண்டார். கண்ணெதிரே இருக்கும் பொருட்களைக் காட்டி, அதுவும் நான்கு முதல் பத்து வரையிலான எண்ணிக்கையைப் பற்றிப் பேசுவதுதான் உதவுகிறது. வெறுமனே எண்களை உருட்டுவதில் அந்தப் பலன் இல்லை.

இந்த இடத்தில்தான் நூலகம் தானாக வந்து பொருந்துகிறது. படப்புத்தகத்தின் ஒவ்வொரு பக்கமும் கண்ணெதிரே இருக்கும் பொருட்கள்தான். "மரத்துல எத்தனை கிளி? அஞ்சா? ஒண்ணு இலைக்குப் பின்னாடி இருக்கே, பார்த்தியா?" என்று கேட்பதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிப் பூப் பூக்கவைக்கும் நம் தெரு விளையாட்டுப் பாட்டில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு குடமும் ஒரு பூவும் கூடிக்கொண்டே போகும். ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்ற விதியை அதைவிட அழகாகச் சொல்லித்தர எனக்குத் தெரியாது. தடை ஒன்றே ஒன்று. வாசலிலேயே மாட்டியிருக்கும் "அமைதி காக்கவும்" பலகை. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் அறையில் குழந்தைகள் கூச்சலிட்டால் யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் 2023-இல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி உண்டு. ஒரே கூடமாக இருக்கும் ஊர்ப்புற நூலகத்துக்கு அந்த வசதி ஏது? எங்கள் நூலகத்தில் கதையைப் பின்பக்க வராந்தாவுக்கு மாற்றிவிட்டோம். மழை வந்தால் கதை கிடையாது.

எந்த மொழியில் எண்ணுவது என்று ஒரு சங்கடமும் இருக்கிறது. இன்றைக்கு நம் பிள்ளைகளில் பலர் எண்களை ஆங்கிலத்தில் மட்டுமே கேட்கிறார்கள். பேச்செல்லாம் தமிழாக இருக்கும், விலை மட்டும் "ட்வென்டி ருபீஸ்". பேச்சுத் தமிழில் ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணுவதே என் வழக்கம், அதற்குப் பாசத்தைத் தவிர வேறு காரணமும் உண்டு. கெவின் மில்லரும் சிலரும் 1995-இல் சீன, அமெரிக்கக் குழந்தைகளை ஒப்பிட்டார்கள். பத்துவரை எண்ணுவதில் வித்தியாசமே இல்லை. பதினொன்றிலிருந்து இருபதுவரை வந்தபோது அமெரிக்கக் குழந்தைகள் பின்தங்கினார்கள். சீனத்தில் பத்து-ஒன்று, பத்து-இரண்டு என்று எண்களின் கட்டுமானம் வெளிப்படையாகத் தெரியும். ஆங்கிலத்து லெவன், ட்வெல்வில் பத்து எங்கே இருக்கிறது என்று குழந்தை தேட வேண்டும். பதினொன்று, பதிமூன்று, பதினைந்து என்னும் நம் சொற்களில் பத்து முன்னாலேயே நிற்கிறது. ஆனால் நமக்கும் ஒரு பள்ளம் உண்டு. எண்பது முடிந்ததும் வருகிற தொண்ணூறு. இருபது, முப்பது, எண்பது என்று "பது"வில் முடிந்துகொண்டே வந்து, திடீரென்று நூறின் பெயரை முன்கூட்டியே போட்டுக்கொள்கிறது. தொள்ளாயிரமும் அப்படியே. "எண்பத்தொம்பது, எண்பத்திப்பத்து" என்று ஒரு குழந்தை சொன்னால் திருத்த அவசரப்படாதீர்கள். விதியை அது சரியாகப் பிடித்துவிட்டது, மொழிதான் ஏமாற்றிவிட்டது.

அடுத்தது விளையாட்டுப் பலகை. இந்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. 2008-இல் கீதா ரமணியும் ராபர்ட் சீக்லரும், வருமானம் குறைந்த குடும்பத்துக் குழந்தைகளோடு ஒன்றிலிருந்து பத்துவரை கட்டங்கள் நேர்வரிசையில் உள்ள பலகை விளையாட்டை ஆடினார்கள். இரண்டு வாரத்தில் நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் இருபது நிமிடத்துக்குள். எண்ணுவது, எது பெரிது என்று சொல்வது, எண்ணைப் படிப்பது எல்லாமே முன்னேறின. ஒன்பது வாரம் கழித்துப் பார்த்தபோதும் அந்த முன்னேற்றம் நிலைத்திருந்தது. எண்ணுக்குப் பதிலாக வண்ணங்களை வைத்து அதே விளையாட்டை ஆடியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. மறு ஆண்டு வட்டமான பலகையை வைத்துப் பார்த்தார்கள். நேர்ப்பலகை அளவுக்கு அது உதவவில்லை. எண்கள் ஒரு கோட்டில் வரிசையாக நிற்பதையும், தூரம் போகப் போகப் பெரிதாவதையும் கையும் கண்ணும் சேர்ந்து உணர்வதால் இந்தப் பலன் வருகிறது என்பது அவர்களுடைய விளக்கம்.

பல்லாங்குழியைத் தூக்கிப்பிடிக்கும் நம்மவர்களுக்கு இது கொஞ்சம் கசக்கும். பல்லாங்குழி அருமையான விளையாட்டு. கை நிறையச் சோழியை அள்ளி, குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டு போவது ஒன்றுக்கொன்று பொருத்தும் பயிற்சிதான். ஆனால் அது சுற்றிச் சுற்றி வருவது, குழிகளுக்கு எண்ணும் கிடையாது. எண்வரிசையை மனதில் பதிக்க வேண்டுமென்றால் பரமபதம்தான் நம் வீட்டுச் சரக்கு. அதிலும் நூறு கட்டமும் வளைந்து வளைந்து மேலே ஏறுவது நான்கு வயதுக்குத் தலைசுற்றும். சாக்பீஸால் தரையில் இருபது கட்டம் நேராகப் போட்டு, பாம்பும் ஏணியும் இரண்டிரண்டு வரைந்தால் போதும், குழந்தையே காயாக நடக்கும். எலிடா லாஸ்கியும் சீக்லரும் 2014-இல் கண்ட ஒரு நுணுக்கத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஏழாம் கட்டத்தில் நிற்கும் குழந்தைக்கு மூன்று விழுந்தால் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று நகரக் கூடாது. "எட்டு, ஒம்பது, பத்து" என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லிக்கொண்டே நகர வேண்டும். முன்னேற்றம் இரண்டாவது முறையில்தான் வந்தது. பார்க்க அற்பமான மாற்றம். இதைச் சொல்லித்தர ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும், பலகை மட்டும் இருந்தால் நடக்காது.

விளையாட்டு மட்டும் போதுமா என்பதற்கு டெல்லியில் நடந்த ஒரு சோதனை பதில் சொல்கிறது. மோய்ரா டில்லன், எலிசபெத் ஸ்பெல்கி, எஸ்தர் டஃப்லோ முதலானவர்கள் பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து 214 பாலர் பள்ளிகளில் 1,540 குழந்தைகளுக்கு நடத்தி, 2017-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். புள்ளிகள் உள்ள அட்டைகளில் எதில் அதிகம், வடிவங்களில் எது வேறு மாதிரி என்பது போன்ற விளையாட்டுகள், நான்கு மாதம். அந்தத் திறமைகள் நன்றாகக் கூடின, ஓராண்டு தாண்டியும் நிலைத்தன. ஆனால் பள்ளியில் சேர்ந்த பிறகு சொல்லித்தரும் கணக்கில் இந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட முன்னால் வரவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு பாலம் இல்லாமல் போனது. எண்ணின் பெயரும் எழுத்துருவும் அந்த விளையாட்டுகளில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

"விளையாட விடுங்கள், தானாக வரும்" என்று சொல்பவர்கள் இந்த முடிவோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும். நானும் ஒருகாலத்தில் அப்படிச் சொன்னவன்தான். இப்போது புளியங்கொட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் 7 என்று எழுதிய அட்டையையும் வைக்கிறேன். பொருள், சொல், உரு மூன்றும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். சொல்லும் உருவும் நிறைந்த இடம் நூலகம். பக்க எண்ணைச் சொல்லிப் புத்தகத்தைத் திறக்கச் சொல்வதே ஒரு பயிற்சிதான்.

அறிவியலுக்கு வந்தால், இந்த வயதுக்கு மிகச் சிறந்த கருவி நிழல் என்பேன். காசு இல்லை, ஆபத்து இல்லை, மின்சாரம் போனாலும் இருக்கும். நூலக வாசலில் ஒரு குழந்தையை நிறுத்தி, காலை பத்து மணிக்கு அதன் நிழலைச் சாக்பீஸால் வரைந்து, பன்னிரண்டு மணிக்கு அதே இடத்தில் நிறுத்தி மறுபடி வரைந்தால், அளப்பது, ஒப்பிடுவது, ஊகிப்பது எல்லாம் வந்துவிடும். நம் ஊருக்கு இதில் ஒரு தனிச் சிறப்பும் உண்டு. உச்சிவேளையில் நிழல் காலடியில் விழும் என்று எல்லாரும் சொல்வோம். உண்மையில் ஆண்டுக்கு இரண்டே நாள்தான் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வரும். சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி. தெற்கே போகப் போக முதல் நாள் முன்னதாகவும் இரண்டாம் நாள் பின்னதாகவும் விலகும். அந்த நாட்களில் நண்பகல் தாண்டிப் பத்து நிமிடத்தில் சென்னையில் ஒரு செம்பையோ தூக்குச் சட்டியையோ வெயிலில் வைத்தால் நிழல் அதன் அடியிலேயே மறைந்துவிடும். டெல்லிக்காரர்களுக்கு இந்தக் காட்சி ஒருநாளும் கிடைக்காது, ஏனென்றால் அந்த ஊர் கடக ரேகைக்கு வடக்கே இருக்கிறது. ஆகஸ்ட் 18 என்பது நூலகர் தினமான ஆகஸ்ட் 12-க்கு அடுத்த வாரமே வருகிறது. எப்படியும் விழா எடுக்கிறார்கள், ஒரு செம்பையும் வைத்துவிடலாம்.

வானத்தைக் காட்ட நூலகம் என்ன செய்ய முடியும் என்பதற்கு அமெரிக்கா ஒரு பெரிய உதாரணம். 2017 ஆகஸ்ட் 21 சூரிய கிரகணத்துக்கு அங்கே பொது நூலகங்கள் வழியாக 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கிரகணக் கண்ணாடிகள் இலவசமாகக் கொடுக்கப்பட்டன. 2024 கிரகணத்துக்கு 50 லட்சத்தைத் தாண்டியது. புத்தகம் இரவல் கொடுக்கும் மேசையில் கண்ணாடி. 2019 டிசம்பர் 26 அன்று வளையக் கிரகணம் கோவை, திண்டுக்கல் பக்கம் நன்றாகத் தெரிந்தபோது தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினரும் மற்றவர்களும் மைதானங்களில் கூட்டம் கூட்டிக் காட்டினார்கள். 1987-லிருந்து துளிர் என்ற சிறுவர் அறிவியல் இதழை நடத்தி வருபவர்கள் அறிவியல் இயக்கத்தினர். அடுத்த வளையக் கிரகணம் தென் தமிழகத்தின் மேல் 2031 மே 21 அன்று செல்கிறது. நாள் தெரிந்துவிட்டது, கண்ணாடி வாங்க அவகாசமும் இருக்கிறது.

இங்கே அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமாக ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், ஆறு முதல் எட்டுவரை அறிவியல், கணக்குச் செய்முறைகளுக்கான வானவில் மன்றம், இரண்டுமே 2022-இல் வந்தவை. இரண்டும் பள்ளிக்குள் நடப்பவை. மூன்றிலிருந்து ஆறு வயதுக்குள் இருக்கும் குழந்தை அங்கன்வாடியில் இருக்கலாம், தனியார் மழலையர் பள்ளியில் இருக்கலாம், பாட்டியோடு வீட்டிலும் இருக்கலாம். மூவரும் ஒரே இடத்தில் காசு கொடுக்காமல் நுழையக்கூடிய இடம் தெருமுனை நூலகம். வெள்ளிதான் பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை. ஞாயிறு திறந்திருக்கும். அப்பா அம்மாவும் கூட வர முடியும், அவர்கள் வருவதுதான் முக்கியம். வாரத்துக்கு ஒரு மணி நேரம் நான் பேசுவதால் பெரிதாக என்ன ஆகிவிடும்? அதைப் பார்த்துவிட்டுப் போகிற அம்மா, வெங்காயம் உரிக்கும்போது "எத்தனை எடுத்தே?" என்று கேட்டால் அது வாரம் முழுக்க நடக்கும்.

நூலகர்களிடம் இதைச் சொன்னால் முதலில் வருகிற பதில்: "எனக்கே கணக்கு வராது சார்." இதைக் குழந்தைகள் காதில் விழும்படி சொல்லாமல் இருப்பது நல்லது. சியான் பைலாக்கும் குழுவினரும் 2010-இல் முதல், இரண்டாம் வகுப்பு ஆசிரியைகளிடம் பார்த்தார்கள். ஆசிரியைக்குக் கணக்கைக் கண்டு எவ்வளவு பயமோ, ஆண்டு முடிவில் வகுப்பிலிருந்த பெண் குழந்தைகளின் கணக்கு அவ்வளவு சரிந்திருந்தது. பையன்களிடம் அது தெரியவில்லை. பயம் வார்த்தையில் வராவிட்டாலும் முகத்தில் வரும், பிள்ளைகள் அதைப் படித்துவிடுவார்கள். அதனால் நூலகருக்கு நான் சொல்வது, கணக்கு நிகழ்ச்சி என்று பெயர் வைக்காதீர்கள், கதை நேரம் என்றே இருக்கட்டும். ஒரு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள். விடை தெரியாவிட்டால் "எனக்கும் தெரியலையே, போட்டுப் பார்ப்போமா?" என்று சொல்லுங்கள்.

சாமான் என்று பார்த்தால் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடங்கிவிடும். புளியங்கொட்டை, மூடிகள், சாக்பீஸ், காந்தம் ஒன்று, நூல்கண்டு, பாட்டி வீட்டில் கிடந்த ஆழாக்கும் உழக்கும். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. மணலை அளந்து கொட்டும் குழந்தை இரட்டிப்பதைக் கையால் கற்றுக்கொள்கிறது. தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும் வைத்து வடிவங்கள் செய்யக் காட்டிய அர்விந்த் குப்தாவுக்கு 2018-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். விலை உயர்ந்த கருவிப் பெட்டி வாங்கிய நூலகங்களில் அந்தப் பெட்டி பூட்டிய பீரோவுக்குள் இருப்பதையும் பார்த்திருக்கிறேன். தொலைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம். புளியங்கொட்டைக்கு அந்தப் பயம் இல்லை. மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் மட்டும் கொடுக்காதீர்கள், மூக்கில் போட்டுக்கொள்ளும் வயது அது.

அந்தக் காகத்துக்கு வருகிறேன். தண்ணீர் கல்லுக்கு நடுவே ஒளிந்துகொண்டதைக் கண்டுபிடித்த மறு ஞாயிறு, ஒரு பையன் பக்கத்தில் வீடு கட்டும் இடத்திலிருந்து ஒரு கவர் மணல் கொண்டுவந்துவிட்டான். அவன் யோசனை, தண்ணீர் ஒளியும் இடத்தை முதலில் அடைத்துவிட வேண்டும் என்பது. அதே கால் பாட்டில் தண்ணீர், அதே கல், கூடவே கொஞ்சம் கொஞ்சமாக மணல். குலுக்கிக் குலுக்கிப் போட்டார்கள். தண்ணீர் விளிம்புவரை வந்து வராந்தாவில் வழிந்தது. ஆனால் சேறாகக் கலங்கியிருந்தது. இதைக் காக்கா குடிக்குமா, குடிக்காதா என்று சண்டை ஆரம்பித்தது. நூலகர் உள்ளேயிருந்து எட்டிப்பார்த்தார். நான் பறவைகள் புத்தகம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன்.